எக்நாக்கில் முட்டைக்கு என்ன வேலை?

நவம்பர் பாதி தாண்டியதும் அமெரிக்காவிலும் கனடாவிலும் கடைகளின் பால் அலமாரியில் எக்நாக் பெட்டிகள் வந்து உட்கார்ந்துவிடும். புத்தாண்டு கழிந்தால் இருந்த இடம் தெரியாது. பால், க்ரீம், சர்க்கரை, முட்டை, வனிலா, மேலே கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள், பெரியவர்களுக்கு என்றால் ரம் அல்லது பிராந்தி. இவ்வளவுதான் அந்தப் பானம். குடிப்பதோடு விடாமல் அந்தச் சுவையை பிஸ்கட்டிலும் கேக்கிலும் ஃபட்ஜிலும் ஐஸ்கிரீமிலும் ஏற்றிப் பார்ப்பது அங்கே கிறிஸ்துமஸ் சமையலின் ஒரு பகுதியாகிவிட்டது. வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் எளிய வழியைப் பிடிக்கிறார்கள்: மாவில் பால் ஊற்ற வேண்டிய இடத்தில் எக்நாக்கை ஊற்றுவது. வெந்து வரும்போது நல்ல இனிப்பான, மெத்தென்ற பண்டம் கிடைக்கும். எக்நாக் மட்டும் அதில் இருக்காது. காரணம், சுவை முட்டையிலும் பாலிலும் இருக்கிறது என்ற நம்பிக்கை. பெயரிலேயே முட்டை இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் நம் மூக்கும் நாக்கும் எக்நாக் என்று அடையாளம் காணும் சங்கதியில் முட்டையின் மணத்துக்குப் பங்கு மிகச் சொற்பம். அடையாளத்தைத் தருவது ஜாதிக்காயும் ரம்மும் வனிலாவும். முட்டை தருவது கெட்டித்தன்மையும் வழுவழுப்பும். மணம் வேறு, உடம்பு வேறு. அடுப்பில் இரண்டும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. இரண்டையும் ஒரே கரண்டியில் ஊற்ற முயல்வதால்தான் பண்டம் சப்பென்று போகிறது.

முதல் சாட்சி சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதிப்படி எக்நாக் என்ற பெயரில் விற்கும் பானத்தில் பால் கொழுப்பு குறைந்தது 6 சதவீதம், கொழுப்பு நீங்கிய பால் திடப்பொருள் 8.25 சதவீதம், மஞ்சள் கருவின் திடப்பொருள் 1 சதவீதம் இருக்க வேண்டும். கடைசி எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோப்பை என்பது சுமார் 250 கிராம். அதில் 1 சதவீதம் 2.5 கிராம். ஒரு பெரிய முட்டையின் மஞ்சள் கரு ஏறக்குறைய 17 கிராம் இருக்கும். அதில் பாதி தண்ணீர், மீதி எட்டு கிராமுக்குச் சற்று மேல் திடப்பொருள். அதாவது ஒரு கோப்பை எக்நாக்கில் மூன்றில் ஒரு பங்கு மஞ்சள் கருகூட இல்லாமல் சட்டத்தைத் திருப்திப்படுத்திவிடலாம். பிஸ்கட் மாவில் இதில் கால் கோப்பை ஊற்றினால் சேரும் முட்டை அரை கிராமுக்குச் சற்று அதிகம். அதை இரண்டு டஜன் பிஸ்கட்டுக்குப் பங்கு வைக்க வேண்டும். கூடவே வருவது தண்ணீர், ஏனென்றால் அந்தப் பானத்தில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர்தான். தண்ணீர் மாவின் பசைத்தன்மையைக் கூட்டி, மொறுமொறுப்பாக வர வேண்டிய பிஸ்கட்டை கேக் போல ஊதவைக்கிறது. இவ்வளவு குறைந்த முட்டையோடும் கடைப் பானத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பவர் எக்நாக் என்று சரியாகச் சொல்லிவிடுகிறார் என்றால், அவருக்கு அந்தத் துப்பைக் கொடுத்தது வேறு ஏதோ ஒன்று.

அது எது என்று அறிய, பக்கத்து வீட்டுப் பண்டங்களோடு ஒப்பிட்டால் போதும். பால், மஞ்சள் கரு, சர்க்கரை, வனிலா ஆகியவற்றை மெல்ல காய்ச்சினால் கிடைப்பது பிரெஞ்சு சமையலின் கஸ்டர்ட் சாஸ். உறையவைத்தால் வனிலா ஐஸ்கிரீம். முட்டை எக்நாக்கில் இருப்பதைவிட அதிகம், ஆனாலும் யாரும் அதை எக்நாக் என்பதில்லை. அதே சட்டியில் ஜாதிக்காயைத் துருவி, ஒரு கரண்டி ரம்மை ஊற்றினால் பெயர் மாறிவிடுகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். புவேர்ட்டோ ரிக்கோவின் கிறிஸ்துமஸ் பானமான கோகீட்டோவில் தேங்காய்ப்பால், ரம், பட்டை, ஜாதிக்காய் உண்டு; முட்டை பல வீடுகளில் கிடையாது. அமெரிக்கர்கள் அதைக் குடித்ததும் எக்நாக்கின் உறவு என்று சொல்லிவிடுகிறார்கள். முட்டை இல்லாமலே முட்டைப் பண்டம் என்று உலகத்தை நம்பவைத்த பழைய உதாரணமும் ஒன்று இருக்கிறது. 1837இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் சோள மாவில் கஸ்டர்ட் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். இன்று நம் மளிகைக் கடையில் வாங்கும் கஸ்டர்ட் பவுடர் அந்த வம்சம்தான்: சோள மாவு, வனிலா மணம், மஞ்சள் நிறம். கல்யாணப் பந்தியில் அதைச் சாப்பிடும் எவருக்கும் இதில் முட்டை எங்கே என்ற கேள்வி எழுவதில்லை. இலங்கையின் லவ் கேக்கிலோ மஞ்சள் கருக்கள் கணிசமாகச் சேரும், ஜாதிக்காயும் உண்டு; ஆனால் பன்னீரும் ஏலக்காயும் முந்திரியும் தேனும் முன்னால் வந்து நின்றுவிடுவதால் அதற்குத் தனி முகம். முட்டை எவ்வளவு என்பதைவிட எந்த மணம் முன்னால் நிற்கிறது என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கிறது.

முட்டைக்கென்று மணமே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது யாரும் விரும்பித் தேடும் மணமில்லை. முட்டையைச் சூடாக்கும்போது, முக்கியமாக வெள்ளைக்கருவின் புரதங்களிலிருந்து, ஹைட்ரஜன் சல்பைடு வெளிவருகிறது. அவித்த முட்டையின் வாடைக்கு அதுதான் பொறுப்பு. மஞ்சள் கருவின் மணம் மென்மையானது, நெய்ச்சாயல் கொண்டது, தனியாக நின்று பேசாது. இனிப்புப் பண்டத்தில் முட்டை மணம் தெரிந்தால் நம்மூரில் கவிச்சி என்று ஒதுக்குவார்கள். மேற்கத்திய சமையற்காரரும் அதே காரணத்துக்காகத்தான் வனிலாவைத் தாராளமாக ஊற்றுகிறார்.

ஆகவே ஜாதிக்காயிடம் வருவோம். எக்நாக்கின் முன்னோடி இங்கிலாந்தின் பாசெட்: சூடான பாலை ஒயினோ ஏல் பீரோ ஊற்றித் திரியவைத்து, மசாலா தூவிக் குடிப்பது. அமெரிக்கக் குடியேற்றங்களில் வீட்டுக்கு வீடு மாடு இருந்தது, கரீபியனிலிருந்து ரம் மலிவாக வந்தது. பானம் 18ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவத்தை எடுத்தது. (1826 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர்கள் திருட்டுத்தனமாக விஸ்கியைக் கடத்திவந்து எக்நாக் செய்து குடித்துக் கலவரத்தில் இறங்கினார்கள். வரலாற்றில் அதற்கு எக்நாக் கலவரம் என்றே பெயர்.) ஜாதிக்காய் மட்டும் மலிவில்லை. வெகுகாலம் அது இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் மட்டுமே விளைந்தது. அதற்காக டச்சுக்காரர்கள் 1621இல் அந்தத் தீவு மக்களைக் கொன்று குவித்தார்கள். 1667இன் பிரேடா ஒப்பந்தத்தில் பண்டாவின் ரன் என்ற குட்டித் தீவு டச்சுக்காரர் கையிலும் மன்ஹாட்டன் ஆங்கிலேயர் கையிலும் நின்றுபோனது. பிறகு மரம் பல நாடுகளுக்குப் பரவி, இன்று ஆனைமலை அடிவாரத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகவும் கண்டி, மாத்தளைப் பக்கத் தோட்டங்களிலும் நிற்கிறது. நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு உரை மருந்து உரைக்கும் கல்லில் இரண்டு சுற்று சுற்றப்படுவதும் இதே கொட்டைதான்.

அந்தக் கொட்டையை நடுவாக வெட்டிப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரியும். வெளிறிய பின்னணியில் பழுப்பு நரம்புகள் ஓடும். பளிங்கில் கீறல் விழுந்த மாதிரி. மணம் தரும் எண்ணெய் அந்த நரம்புகளில்தான் செறிந்திருக்கிறது. கொட்டையின் எடையில் 5 முதல் 15 சதவீதம் வரை ஆவியாகும் எண்ணெய். அதைவிட அதிகமாக, கால் பங்குக்கும் மேல், அறை வெப்பத்தில் வெண்ணெய் போலக் கெட்டியாக இருக்கும் கொழுப்பு. ஆவியாகும் எண்ணெயில் இரண்டு கூட்டம். சபினீன், பைனீன் போன்ற இலேசான டெர்பீன்கள் ஒன்று; தேவதாரு, எலுமிச்சைத் தோல் போன்ற துள்ளலான மணம் இவற்றுடையது. மிரிஸ்டிசின், எலிமிசின் போன்ற கனமான மூலக்கூறுகள் இன்னொன்று. மரச்சாயலும் காரச் சூடும் இவற்றிடமிருந்து வருகின்றன. துருவாத வரை எல்லாம் உயிரணுக்களுக்குள் பூட்டிக் கிடக்கும். துருவிய கணத்திலிருந்து முதல் கூட்டம் காற்றில் பறக்கத் தொடங்கிவிடுகிறது. போன வருஷம் வாங்கிய தூள் டப்பாவைத் திறந்தால் மரத்தூள் வாசனை மட்டும் வருவது இதனால்தான். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கனவான்கள் சட்டைப் பையில் சின்ன வெள்ளித் துருவியை வைத்துக்கொண்டு அலைந்தது பகட்டுதான். ஆனால் வேதியியல் அவர்கள் பக்கம் இருந்தது.

ஓவனுக்குள் போனதும் இதே கதை வேகமாக நடக்கிறது. மாவிலுள்ள ஈரம் ஆவியாகும்போது மணமூலக்கூறுகளையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஜாதிக்காய் எண்ணெய் எடுக்கும் ஆலைகளும் நீராவியை உள்ளே விட்டுத்தான் எண்ணெயை வெளியே கொண்டுவருகின்றன. பிஸ்கட் வேகும்போது வீடு முழுக்க மணப்பது அடுக்களையில் ஓடும் அதே ஆலைதான். வீடு மணக்கிறது என்றால் பிஸ்கட் இழக்கிறது என்று பொருள். இழப்பைக் குறைக்க இரண்டு வழி. மணமூலக்கூறுகள் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் ஜாதிக்காயை மாவில் தூவுவதற்குப் பதில், இளகிய வெண்ணெயிலும் சர்க்கரையிலும் முதலிலேயே சேர்த்துத் தேய்த்துவிட்டால் கொழுப்பு அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வாய்க்குள் வெண்ணெய் உருகும்போது மெல்ல விடும். இரண்டாவது வழி, பாதியை உள்ளேயும் பாதியை ஆறிய பிறகு மேலேயும் போடுவது. உள்ளே போனது கனமான அடித்தளத்தைத் தரும், மேலே தூவியது துள்ளலைத் தரும். அளவு கூட வேண்டாம். ஒரு தட்டு பிஸ்கட்டுக்கு அரைத் தேக்கரண்டி தாராளம். ஒருவரே ஒரு முழுக் கொட்டை அளவுக்கு, அதாவது ஐந்து கிராம் அளவில், சாப்பிட்டால் மிரிஸ்டிசினால் தலைசுற்றல், படபடப்பு, மனக்குழப்பம் வரை போனதாக மருத்துவப் பதிவுகள் உண்டு.

ரம்முக்கும் இதே இரட்டை வாழ்க்கை. வெல்லப்பாகு புளிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் பழ மணத்தைத் தருகின்றன. ஓக் பீப்பாயில் கிடக்கும்போது மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலினும் வேறு சிலவும் கரைகின்றன. எத்தில் அசிடேட் போன்ற சிறிய எஸ்டர் 77 டிகிரியில் கொதிக்கும். வனிலினின் கொதிநிலையோ 285 டிகிரி. ஆக, ஓவனிலிருந்து வெளிவரும் கேக்கில் ரம்மின் பழ மணம் பெரும்பாலும் போய், மரமும் கருகிய சர்க்கரையும் எஞ்சும். அதற்காக மது முழுக்கப் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மாவில் கலந்து 15 நிமிடம் வேகவைத்தால் 40 சதவீத மது மிஞ்சுகிறது. ஒரு மணி நேரம் வைத்தாலும் 25 சதவீதம். குழந்தைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் கொடுப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அவர்களுக்கு நாட்டுச் சர்க்கரையும் வனிலாவும் சேர்ந்தால் ரம்மின் கனமான பாதி ஓரளவு கிடைத்துவிடும். பழ மணத்துக்கு ரம் எசன்ஸ் இருக்கிறது. ரம் ஊற்றுவதென்று முடிவு செய்தவர்கள் அதை மாவில் வீணாக்காமல், வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் அடித்த ஐசிங்கில் ஒரு கரண்டி கலந்து, ஆறிய பண்டத்தின் மேல் தடவினால் போதும். அடுப்பைப் பார்க்காத ஒரு கரண்டி, வெந்துபோன நான்கு கரண்டிக்குச் சமம் என்றே சொல்லலாம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். மணம் எல்லாம் வெளியிலிருந்து வருகிறது என்றால் முட்டையை அடியோடு விட்டுவிட்டு, பாலில் எசன்ஸ் ஊற்றிக் குடிக்கலாமே? குடித்துப் பார்த்தால் ஏன் கூடாது என்று தெரியும்: மணம் சரியாக இருக்கும், ஆனால் தண்ணீராக ஓடும், தொண்டையைத் தாண்டியதும் மறைந்துவிடும். மஞ்சள் கருவில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் கொழுப்பு. அதிலுள்ள லெசித்தின் கொழுப்பையும் தண்ணீரையும் சண்டையில்லாமல் சேர்த்துவைக்கிறது. கெட்டியான, கொழுப்பு நுண்துளிகளாகப் பரவிய திரவம் நாக்கில் படர்ந்து தங்குவதால் மணம் மூச்சோடு சேர்ந்து பின்வாசலாக மூக்கை எட்டும் நேரம் நீள்கிறது. முட்டையின் பணி இதுதான், அது சின்னப் பணி இல்லை. ஆனால் அதைச் செய்யவைக்கச் சூடு தேவை. மஞ்சள் கரு தனியாக 65 டிகிரியில் இறுகத் தொடங்கும்; பாலும் சர்க்கரையும் சேர்ந்து புரதங்களை விலக்கி வைப்பதால் கஸ்டர்ட் இறுக 80 டிகிரி வரை போக வேண்டியிருக்கிறது. சில டிகிரி தாண்டினால் புரதங்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, தண்ணீரைக் கக்கித் திரிந்துவிடும். எனவேதான் சூடான பாலைக் கரண்டி கரண்டியாக மஞ்சள் கருவில் ஊற்றி அடிப்பதும், பிறகு சிறு தீயில் விடாமல் கிண்டுவதும், கரண்டியின் முதுகில் படிந்ததை விரலால் கீறினால் கோடு கலையாமல் நிற்கும் பதத்தில் இறக்குவதும். தெர்மாமீட்டர் இருந்தால் விரலுக்கு வேலை இல்லை.

சூட்டுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ரம் ஊற்றினால் கிருமி செத்துவிடும், பச்சை முட்டையே போதும் என்பது பழைய வாதம். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் கதை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களை வகைப்படுத்திய ரெபேக்கா லான்ஸ்ஃபீல்டின் கைப்பக்குவத்தில், அங்கே ஆண்டுதோறும் பச்சை முட்டையும் நிறைய மதுவும் சேர்ந்த எக்நாக்கை வாரக்கணக்கில் குளிர்பெட்டியில் ஊறவைத்துக் குடிப்பது வழக்கம். அவருக்குப் பின்வந்த வின்சென்ட் ஃபிஷெட்டி அதில் வேண்டுமென்றே சால்மோனெல்லாவைக் கலந்து பார்த்தபோது, மூன்று வாரம் கழித்து உயிருள்ள கிருமி எதுவும் அகப்படவில்லை. சுவாரசியமான சோதனைதான். ஆனால் அது சொல்வது, கடுமையான மதுவும் வாரக்கணக்கான பொறுமையும் சேர்ந்தால் என்பதை. காலையில் கலக்கி மாலையில் விருந்தாளிக்குக் கொடுப்பவருக்கும், ஐசிங்கில் ஒரே கரண்டி ரம் விடுபவருக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. முட்டைக் கலவையை 71 டிகிரிக்குக் கொண்டுபோனால் போதும் என்பது அமெரிக்க அரசின் அறிவுரை. கஸ்டர்ட் இறுகும் 80 டிகிரி அதைத் தாண்டியே இருக்கிறது. வழுவழுப்புக்காகச் செய்யும் அதே காரியம் கிருமியையும் தீர்த்துவிடுவதால், ஐஸ்கிரீம் போன்ற மேற்கொண்டு வேகாத பண்டங்களில் பச்சை முட்டையைப் பிடித்துத் தொங்க ஒரு காரணமும் இல்லை.

ஐஸ்கிரீமில் கணக்கு கொஞ்சம் மாறும். குளிர்ந்த நாக்கில் இனிப்பு மங்கும். இனிப்பை மூளைக்குக் கடத்தும் டிஆர்பிஎம்5 என்ற புரதவாயில் சூட்டில் அதிகமாகவும் குளிரில் குறைவாகவும் திறக்கிறது என்று 2005இல் காட்டப்பட்டது. மணமும் குளிரில் ஆவியாகத் தயங்கும். ஆகவே கிண்டும்போது ருசி பார்த்தால் சற்றே திகட்ட வேண்டும், ஜாதிக்காய் சற்றே தூக்கலாகத் தெரிய வேண்டும். உறைந்த பிறகு சரியாக வரும். ரம் விஷயத்தில் மட்டும் கையை அடக்க வேண்டும், மது உறைநிலையை இறக்குவதால் லிட்டருக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி தாண்டினால் வீட்டு ஃப்ரீசரில் அது கூழாகவே நின்றுவிடும். ஃபட்ஜ் இதற்கு நேர் எதிர். அதற்குப் பாகு 115 டிகிரி வாக்கில், தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்துக்குப் போக வேண்டும். அந்தச் சூட்டில் மஞ்சள் கரு பொரியலாகிவிடும். எனவே நல்ல எக்நாக் ஃபட்ஜில் முட்டையைத் தேடுவது வீண். வெண்ணெயும் ஒயிட் சாக்லேட்டின் கோகோ கொழுப்பும் முட்டையின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இறக்கியபின் துருவிப்போட்ட ஜாதிக்காயும் ஒரு மூடி ரம்மும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. சாப்பிடுகிறவர் முட்டை இல்லை என்பதைக் கண்டுபிடிப்பதில்லை.

முட்டை தொடாதவர்களுக்கும் வழி இதே தர்க்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பங்கு க்ரீமும் மூன்று பங்கு பாலும், லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோள மாவும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் உடம்பு வந்துவிடும். திரியும் பயமும் இல்லை. கன்டென்ஸ்டு மில்க் சேர்த்தால் வழுவழுப்பு கூடும். சிட்டிகை மஞ்சள்தூள் நிறத்துக்கு, அதற்கு மேல் போனால் ரசத்தின் சாயல் வந்துவிடும். முட்டையில்லாச் சமையல் செய்பவர்கள் முட்டை மணத்துக்காகக் கருப்பு உப்பு சேர்ப்பதுண்டு. அதிலும் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் அவித்த முட்டையின் வாடை அப்படியே வரும். எக்நாக் பண்டத்தில் அதைப் போட்டால் சாப்பிடுகிறவருக்கு கிறிஸ்துமஸ் நினைவுக்கு வராது, ஆம்லெட்தான் வரும்.